வடிகால், உப்பு, எல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுசீந்திரத்துக்குத் தெற்கே, பழையாற்றின் கடைமடைப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறு மாலைகளில் ஆறுகளைப் பற்றிப் பேசி வருகிறோம். நான் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்போகங்களையும் விடாமல் செய்பவர்கள்; சிலர் தென்னையும் வாழையும் வைத்திருப்பவர்கள். காவிரி, முல்லைப் பெரியாறு, நெய்யாறு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு ஒருநாள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுக்குப் போயிற்று. "பேசிய அளவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்; ஆனால் உப்புத் தண்ணீராகக் கொடுத்தார்கள்" என்று நான் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்று முதல் அதே ஐயங்கள் வெவ்வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே சார், அதில் உப்பு எங்கிருந்து வருகிறது?

மழைநீர் மலையில் விழுந்து பாறையையும் மண்ணையும் தழுவி இறங்கும்போதே கால்சியம், மக்னீசியம், சோடியம் முதலியவற்றின் உப்புகளைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு வருகிறது. நாக்குக்குத் தெரியாத அளவு அது. பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும் தண்ணீரிலும் அது உண்டு. ஆனால் நம் மலையில் மழை மிகுதி, பாறை கடினம், ஆறு ஓடும் தூரமும் குறைவு என்பதால் நாம் அதைப் பொருட்படுத்த வேண்டியிருப்பதில்லை.

சிக்கல் வயலில் தொடங்குகிறது. பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு, உப்பைப் பெரும்பாலும் வேரடியிலேயே விட்டுவிடுகிறது. வெயிலும் தண்ணீரை மட்டுமே ஆவியாக்குகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்புள்ள 100 லிட்டர் தண்ணீரைப் பாய்ச்சி, அதில் 80 லிட்டரைப் பயிரும் வெயிலும் எடுத்துக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சி வடியும் 20 லிட்டரில் அந்த உப்பு முழுவதும் இருக்கும். அதாவது லிட்டருக்கு 2,500 மில்லிகிராம். யாரும் ஒரு பிடி உப்புக்கூடப் போடவில்லை, ஆனாலும் ஐந்து மடங்கு ஆகிவிட்டது. இந்தக் கணக்கைக் கீழே பல இடங்களில் திரும்ப எடுக்கப்போகிறேன்.

வடிகால் தண்ணீர் என்றால் சாக்கடைத் தண்ணீரா?

இல்லை. வயலுக்குப் பாய்ச்சியதில் பயிர் எடுத்தது போக மிஞ்சி, மண்ணுக்குள் இறங்கி, ஓடையிலோ வடிகாலிலோ வந்து சேரும் தண்ணீர்தான் வடிகால் நீர். உரமும் பூச்சிமருந்தும் அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இங்கே நாம் பேசுவது அதன் உப்பைப் பற்றி.

நாஞ்சில் நாட்டில் மேல்வயலின் வடிகால் கீழ்வயலின் பாசனமாக மாறுவது தலைமுறைகளாக நடந்து வருகிறது, அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. காரணம், நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. ஆண்டுக்கு இருமுறை மண்ணின் உப்பு கழுவப்பட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. மழையே இல்லாத பாலைவனத்தில், கால்வாய்த் தண்ணீரை மட்டும் நம்பி நூறு மைலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வயல்கள் இருந்தால், கடைசி வயலுக்கு வந்து சேர்வது எது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும்.

அப்படியானால் வடிகாலே வெட்டாமல் விட்டால் என்ன? அவரவர் உப்பு அவரவர் வயலிலேயே கிடக்கட்டுமே.

நியாயமான கேள்விதான், ஆனால் நிலம் அதைத் தாங்காது. வடிகால் இல்லாமல் பாய்ச்சிக்கொண்டே போனால் நிலத்தடி நீர் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அது வேரடிக்கு அருகில் வந்ததும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்துளைகள் வழியாக மேலேறி ஆவியாகும். உப்பு வெள்ளைப் பொருக்காக மண்மேல் பூக்கும். பஞ்சாபிலும் சிந்துவிலும் ஆங்கிலேயர் காலத்துக் கால்வாய்கள் வந்த பிறகு பெரும் பரப்பு நிலம் இப்படித்தான் உவராகிப் போனது. பண்டைய மெசொப்பொத்தேமியாவின் தென்பகுதியில் கோதுமை பின்வாங்கி, உப்பைக் கூடுதலாகத் தாங்கும் பார்லி முன்னுக்கு வந்ததையும் நிலம் உவரானதோடு இணைத்துப் பேசும் ஆய்வாளர்கள் உண்டு.

ஆகவே பாசனம் செய்யும் எவரும் ஏதோ ஓர் இடத்துக்கு உப்பை அனுப்பியே தீர வேண்டும். அந்த இடம் எது, அதன் செலவு யாருடையது என்பதே நாடுகளுக்கு இடையிலான சண்டை.

தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்தால் பயிர் தாங்காது? மீட்டர் காட்டுகிற எண்ணை எப்படிப் படிப்பது?

குடிநீர்க் கருவி விற்பவர்கள் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டர் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்பதை, அதாவது பி.பி.எம். அளவை, ஏறத்தாழக் காட்டும். கடல்நீர் 35,000 அளவில் இருக்கும். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் நிறுவனம் பாசனத்துக்குத் தந்துள்ள வழிகாட்டலின்படி 450க்குக் கீழே கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2,000க்கு மேல் கடும் கட்டுப்பாடு தேவை. மண் பரிசோதனை நிலையங்கள் மின்கடத்துத்திறனை டெசிசீமென்ஸ் என்ற அலகில் தருவார்கள். அந்த 1 என்பது தோராயமாக 640 பி.பி.எம்.

பயிருக்குப் பயிர் வேறுபாடு உண்டு. மண்சாற்றில் 3 டெசிசீமென்சைத் தாண்டினால் நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். பீன்ஸ் 1 தாண்டினாலே வாடும். பருத்தி 7க்கு மேலும் தாங்கும். வாழை தாங்காது, தென்னை ஓரளவு தாங்கும் என்பதைக் கடலோரத்தில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெக்சிகோ, அமெரிக்கா கதையை முதலில் இருந்து சொல்லுங்கள் சார்.

கொலராடோ ஆறு அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பிறந்து, பாலைவனங்களைக் கடந்து, கடைசியாக மெக்சிகோவுக்குள் நுழைந்து கலிபோர்னியா வளைகுடாவை நோக்கிப் போகிறது. 1944ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் 15 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்பது ஓர் ஏக்கர் அடி) தண்ணீர் தரப்பட வேண்டும். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஏறத்தாழ 65 டி.எம்.சி. எல்லையில் மெக்சிகோ 1950இல் மொரேலோஸ் அணையைக் கட்டி, அந்தத் தண்ணீரை மெக்சிகாலி சமவெளிக்குத் திருப்பியது. அங்கே பருத்தியும் கோதுமையும் விளைந்தன.

அமெரிக்கப் பக்கத்தில், அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் வெல்ட்டன்-மோஹாக் என்ற பாசனப் பகுதி இருக்கிறது. 1952 முதல் அங்கே கொலராடோ தண்ணீர் கால்வாயில் வந்தது. நிலத்தடி நீர் ஏறியது. மூன்றாம் பதிலில் சொன்ன அதே நோய். அதைத் தீர்க்க ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, அடியில் தேங்கிய உப்பு நீரை இறைத்து, 1961 முதல் கீலா ஆற்றின் வழியாகக் கொலராடோவில் விட்டார்கள். அந்த வடிகால் நீரில் 6,000 பி.பி.எம். அளவுக்கு உப்பு இருந்தது. மெக்சிகோவுக்குப் போன தண்ணீரின் உப்பு 800 அளவிலிருந்து 1,500 அளவுக்குத் தாவியது. 1963இல் மேலே கிளென் கேன்யன் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கியதும், உப்பை நீர்க்கச் செய்யும் உபரி வெள்ளமும் குறைந்தது.

இதில் நான் எப்போதும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டும் ஓர் இடம் உண்டு. அமெரிக்க விவசாயிகளுக்குத் தண்ணீர் பிரியும் கடைசிப் பெரிய அணை இம்பீரியல் அணை. உப்பு வடிகால் வந்து விழுந்த இடம் அதற்குக் கீழே, மொரேலோஸ் அணைக்கு மேலே. அமெரிக்க வயல் ஒன்றைக்கூட அந்த உப்பு தொடாமல், முழுவதும் அடுத்த நாட்டு மடைக்குப் போயிற்று.

இதனால் மெக்சிகாலி விவசாயிக்கு என்ன நஷ்டம் என்று கணக்காகச் சொல்ல முடியுமா?

நாமே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் அடித் தண்ணீர் ஏறத்தாழ 1,233 கனமீட்டர். அதில் 800 பி.பி.எம். இருந்தால் கிட்டத்தட்ட ஒரு டன் உப்பு. ஆண்டுக்கு 4 அடி தண்ணீர் பாய்ச்சினால் ஏக்கருக்கு 4 டன் உப்பு வயலுக்குள் வருகிறது. அதே தண்ணீர் 1,500 ஆனால் 7 டன்னைத் தாண்டிவிடும். மழையில்லாத ஊரில் அந்தக் கூடுதல் மூன்று டன்னைக் கழுவி இறக்க மேலும் தண்ணீர் வேண்டும். தண்ணீரோ அளந்து கொடுக்கப்பட்டது. ஆகவே உப்பு கூடும்போது, பங்கின் அளவு மாறாமலேயே பங்கின் பயன் குறைகிறது.

15 லட்சம் ஏக்கர் அடி என்று எழுதியிருந்தால், அது கொடுத்தாயிற்றே. அதற்குமேல் கேட்க என்ன உரிமை?

அமெரிக்கத் தரப்பு அன்று வைத்த வாதம் ஏறக்குறைய இதுதான். 1944 ஒப்பந்தத்தில் தண்ணீர் "எந்த மூலத்திலிருந்தும் எல்லா மூலங்களிலிருந்தும்" வரலாம் என்ற பொருள்படும் சொற்கள் இருந்தன. வடிகால் நீரும் அதில் அடங்கும் என்றார்கள். தரத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி இல்லை. பாசனத்துக்கென்று கொடுப்பது பாசனத்துக்கு உதவ வேண்டாமா, உதவாத தண்ணீரைக் கொடுத்து அளவை நிரப்புவது ஒப்பந்தத்தை நிறைவேற்றியதாகுமா என்று மெக்சிகோ கேட்டது.

என் கருத்து மெக்சிகோ பக்கம்தான். நெல் கடன் வாங்கியவர் பதரைக் கலந்து மரக்கால் அளந்து கொடுத்தால், மரக்கால் நிறைந்தது என்பதற்காகக் கடன் தீர்ந்தது என்று நம் களத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒப்பந்தம் எழுதியவர்கள் ஒரு வரி சேர்த்திருந்தால் பன்னிரண்டு ஆண்டுச் சண்டை மிச்சமாகியிருக்கும். நாமும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். காவிரியில் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. என்ற எண்ணை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பிறகு எப்படித்தான் தீர்ந்தது?

படிப்படியாக. இரு நாட்டுக்கும் பொதுவாகச் சர்வதேச எல்லை மற்றும் நீர் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அது ஒப்பந்தத்தைத் திருத்தாமல், "குறிப்பு" என்ற பெயரில் எண்ணிட்ட உடன்பாடுகளைச் செய்துகொள்ளும். 1965இல் 218ஆம் குறிப்பின்படி ஐந்தாண்டுத் தற்காலிக ஏற்பாடாக, உப்பு வடிகாலை மொரேலோஸ் அணைக்குக் கீழே கொண்டுபோய்விட ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது போதவில்லை. 1972 ஜூனில் மெக்சிகோ அதிபர் எச்செவெரியா வாஷிங்டனுக்கே போய் இதைப் பேசினார். அதிபர் நிக்சன், முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஹெர்பர்ட் பிரவுனலைத் தனித் தூதராக நியமித்தார்.

1973 ஆகஸ்ட் 30இல் 242ஆம் குறிப்பு கையெழுத்தானது. இம்பீரியல் அணையில் உள்ள உப்பைவிட, மொரேலோஸ் அணைக்கு மேலே வரும் தண்ணீரின் உப்பு ஆண்டுச் சராசரியில் 115 பி.பி.எம்.முக்கு மேல் கூடக்கூடாது. அளவையில் 30 கூடுதல் குறைவு ஏற்கப்படும். வெல்ட்டன்-மோஹாக் வடிகால் தனிக் கால்வாயில் கடலோரத் தாழ்நிலத்துக்குப் போகும். அது மெக்சிகோவின் பங்கில் சேராது. அடுத்த ஆண்டே அமெரிக்கா இதற்காகக் கொலராடோ படுகை உப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது.

115 என்பது என்ன கணக்கு? "இத்தனைக்கு மேல் உப்பு கூடாது" என்று நேராக எழுதியிருக்கலாமே?

வாசகசாலையில் ஒரு கல்லூரி மாணவி கேட்ட இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றிலும் கூர்மையானதாக நினைக்கிறேன். 242ஆம் குறிப்பு முழு அளவுக்கு வரம்பு வைக்கவில்லை, வித்தியாசத்துக்குத்தான் வரம்பு வைத்தது. இம்பீரியல் அணையிலேயே உப்பு ஏறினால் மெக்சிகோவுக்கு வருவதும் கூடவே ஏறலாம், உடன்பாடு மீறப்பட்டதாகாது. அணைக்கு மேலே உள்ள உப்புக்கு அமெரிக்க மாநிலங்கள் தமக்குள் வேறு வரம்பு வைத்திருக்கின்றன. இம்பீரியல் அணையில் அது 879. ஆனால் அது அவர்கள் உள்நாட்டு ஏற்பாடு.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அளவு ஆண்டுச் சராசரி. நாற்று நடும் மாதத்தில் தண்ணீர் கரித்து, பயிரில்லாத மாதத்தில் நன்றாக வந்தாலும் சராசரி சரியாகவே நிற்கும். பயிர் சராசரியைக் குடிப்பதில்லை. இரண்டு, இந்த வரம்பு மொரேலோஸ் வழியாகப் போகும் 13 லட்சத்து 60 ஆயிரம் ஏக்கர் அடிக்கு மட்டும். மீதி ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் சான் லூயிஸ் என்ற இடத்தில் நில எல்லையில் தரப்படுகிறது. அங்கே வழக்கமாக வந்த தரம் தொடர்ந்தால் போதும் என்று எழுதப்பட்டது.

உப்பை எடுக்கப் பெரிய ஆலை கட்டினார்களாமே, அது என்ன ஆயிற்று?

யூமா உப்பகற்று ஆலை. நாளுக்கு 27 கோடி லிட்டர் அளவில் வடிகால் நீரைச் சுத்திகரித்து ஆற்றில் விட்டால், அதை மெக்சிகோவின் பங்கில் கணக்கு வைக்கலாம் என்பது திட்டம். ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவில் 1992இல் முடிந்தது. மூன்றில் ஒரு பங்குத் திறனில் சில மாதங்கள் ஓடியது. 1993இல் கீலா ஆற்று வெள்ளம் வடிகால் கால்வாயைச் சேதப்படுத்தியதோடு நின்றது. பிறகு 2007இல் மூன்று மாதமும், 2010–11இல் ஏறத்தாழ ஓர் ஆண்டும் சோதனைக்காக ஓடியது. அவ்வளவுதான். வறண்ட ஆண்டுகளில் அதைத் திறக்க வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஏனெனில் வடிகாலில் வீணாகப் போவதாகக் கருதப்படும் தண்ணீர் ஆண்டுக்கு 4 டி.எம்.சி.க்கு மேல்.

வீணாகப் போவதாகக் கருதப்படும் என்றால், வீணாகப் போகவில்லையா?

இல்லை. 1977 முதல் அந்த வடிகால் மெக்சிகோவில் சான்டா கிளாரா என்ற வறண்ட தாழ்நிலத்தில் விழுந்து, அங்கே 16,000 ஹெக்டேர் அளவுக்கு ஒரு சதுப்புநிலம் உருவாகிவிட்டது. சம்பங்கோரை அடர்ந்த அந்த இடத்தில்தான் யூமா நீர்க்கோழி என்ற அரிய இனத்தின் மிகப் பெரிய கூட்டம் வாழ்கிறது. 1993இல் மெக்சிகோ அந்தக் கழிமுகப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வயலுக்கு ஆகாத தண்ணீர் கோரைக்கும் பறவைக்கும் போதுமானதாக இருந்தது. இப்போது ஆலையை முழுத்திறனில் ஓட்டினால் சதுப்புக்குப் போகும் தண்ணீர் வெகுவாகக் குறையும். போவதும் மிகக் கரிக்கும். முதல் பதிலில் உள்ள கணக்கு இங்கேயும் பொருந்தும்: நல்ல தண்ணீரை எடுத்துவிட்டால் உப்பு மிச்சத்தில்தான் நிற்கும்.

சதுப்பை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. ஆனால் மணக்குடிக் காயலிலும் சுசீந்திரம் குளத்திலும் வலசைப் பறவைகள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்தப் பறவைகளைக் கணக்கில் சேர்க்காத எந்த ஏற்பாடும் முழுமையாகப் படவில்லை.

எப்போதும் மேல்மடைக்காரனும் பெரிய நாடும்தான் குற்றவாளியா?

அப்படி இல்லை. அதே இரு நாடுகளுக்கு இடையே ரியோ கிராண்டே ஆற்றில் கதை தலைகீழ். மெக்சிகோ பக்கத்துப் பாசன வடிகால் உப்பைக் கொண்டுவந்து ஆற்றில் கலக்க, டெக்சாஸ் விவசாயிகளின் பயிர் கெட்டது. 1965இல் உடன்பாடு செய்து, மோரில்லோ வடிகால் என்ற கால்வாயை வெட்டி, உப்பு நீரை ஆற்றில் விடாமல் மெக்சிகோ வளைகுடாவுக்கே கொண்டுபோனார்கள். 1969இல் அது முடிந்தது. செலவை இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன.

ஐரோப்பாவில் ரைன் ஆற்றில் பிரான்சின் பொட்டாஷ் சுரங்கங்கள் விட்ட உப்பு, கீழே நெதர்லாந்தின் தோட்டக்காரர்களைப் பாதித்தது. அது பாசன வடிகால் அன்று என்றாலும் கேள்வி ஒன்றே. 1976இல் பான் நகரில் செய்த உடன்பாட்டில் செலவைப் பங்கிட்ட விதம்: பிரான்ஸ் 30 விழுக்காடு, ஜெர்மனி 30, சுவிட்சர்லாந்து 6, நெதர்லாந்து 34. பாதிக்கப்பட்டவரே பெரிய பங்கைக் கொடுத்தார். இது எனக்கு ஒப்புதலான ஏற்பாடு அன்று. ஆனால் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு நிற்பதைவிடப் பணம் கொடுத்தாவது உப்பைக் குறைப்பது மேல் என்று நெதர்லாந்து எண்ணியிருந்தால் அதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

நமக்குப் பக்கத்துக் கதை நொய்யல். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு நீர், 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளே அணையைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அங்கே நாட்டு எல்லையும் இல்லை, மாநில எல்லையும் இல்லை.

சிந்து நதி ஒப்பந்தத்தில் வடிகால் பற்றி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1960 ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு ஹுடியாரா, கசூர், சலீம்ஷா, பாசில்கா என்று எல்லையைக் கடக்கும் வடிகால்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆற்றுத் தண்ணீர் அளவுமீறிக் கெடாதபடி இயன்றவரை தடுப்பதாக இரு நாடும் அதில் சொல்லியுள்ளன. ஆனால் 115 போன்ற ஓர் எண் இல்லை. "இயன்றவரை" என்ற சொல்லுக்கு மீட்டர் கிடையாது. 2025 ஏப்ரலில் இந்தியா இந்த ஒப்பந்தத்தை நிறுத்திவைத்திருப்பதாக அறிவித்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உடன்பாடு ஒழுங்காக இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது?

ஈராக் அதற்குக் கடுமையான எடுத்துக்காட்டு. டைகிரிஸ், யூப்ரடீஸ் இரண்டும் துருக்கி, சிரியா, ஈரான் ஆகியவற்றின் அணைகளையும் வயல்களையும் கடந்து கடைசியில் பாஸ்ரா நகருக்கு வருகின்றன. ஈராக் தன் நாட்டு வயல்களின் உப்பை ஆறுகளில் விடாமல் கடலுக்குக் கொண்டுபோக 565 கிலோமீட்டர் நீள வடிகாலை 1992இல் கட்டி முடித்தது. ஆயினும் மேலிருந்து வரும் வரத்தே குறைந்தால் வடிகால் மட்டும் காப்பாற்றாது. 2018 கோடையில், அந்த இரண்டும் கூடி ஓடும் ஷத் அல் அரபு ஆற்றில் வரத்து குறைய, கடல் உள்ளே ஏறியது, கழிவும் சேர்ந்தது. பாஸ்ராவில் 1,18,000 பேருக்குக் குறையாமல் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மத்திய ஆசியாவில் அமு தாரியா ஆற்றங்கரைப் பருத்தி வயல்களின் வடிகால், திரும்ப அதே ஆற்றில் விழுந்து கீழே உள்ளவர்களுக்குப் போனது. துர்க்மெனிஸ்தான் தன் வடிகாலைப் பாலைவனப் பள்ளத்தில் திருப்பி ஓர் ஏரியாக்கும் வேலையை 2000இல் தொடங்கி, 2009இல் தண்ணீர் திறந்துவிட்டது. வடிகால் மட்டும் போகுமா, ஆற்று நல்ல தண்ணீரும் சேர்ந்து போகுமா என்பது உஸ்பெகிஸ்தானின் கவலை.

எங்கள் மணக்குடிப் பக்கத்துக் கிணறு கோடையில் கரிக்கிறதே அண்ணாச்சி, அதுவும் மேட்டு வயல்காரர்களின் வடிகாலால்தானா?

இல்லை, அந்தப் பழியை அவர்கள்மேல் போடக்கூடாது. பழையாறு கடலைச் சேரும் பொழிமுகத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் கரிப்பது கடல்நீர். ஆற்றில் வரத்து நன்றாக இருக்கும்போது அது கடலைத் தள்ளி நிறுத்துகிறது. கோடையில் வரத்து குறைந்ததும் ஓதம் காயல் வழியாகவும் மணலுக்கடியிலும் உள்ளே ஏறுகிறது. கிணற்றில் அளவுமீறி இறைத்தால் இன்னும் விரைவாக ஏறும். குழித்துறையாறு தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேரும் இடத்துக்கும் இதே விதிதான். வடிகால் உப்பு மேலிருந்து இறங்கும். கடல் உப்பு கீழிருந்து ஏறும். பாஸ்ராவில் நேர்ந்தது பெரிதும் இரண்டாம் வகை.

வேறுபாடு அறிய எளிய வழி, ஒரே நாளில் பொழிமுகத்திலிருந்து மேல்நோக்கி நான்கைந்து இடங்களில் மீட்டர் வைத்துப் பார்ப்பது. மேலே போகப்போக எண் சரசரவென்று இறங்கினால் கடல்தான். ஒரு குறிப்பிட்ட ஓடை வந்து சேரும் இடத்தில் எண் குதித்தால், அந்த ஓடையின் வழியே நடந்து பார்க்க வேண்டும்.

நெய்யாற்றுச் சண்டையும் இதுவும் ஒன்றா?

ஒன்றன்று. கேரளத்திலிருந்து நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோடு பகுதிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004 முதல் நின்றுவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. அது அளவைப் பற்றிய சண்டை, உப்பைப் பற்றியதன்று. 1956 வரை ஒரே திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின்கீழ் இருந்த நிலப்பகுதி, நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை விழுந்ததும் இரு மாநிலத்துக்குப் பிரிந்தது. ஆனால் தண்ணீர் மீண்டும் வர ஓர் உடன்பாடு எழுதப்படும் நாளில், அளவோடு தரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்று நான் சொல்வேன். ஏழாம் கேள்விக்கான பதிலில் அதன் காரணம் இருக்கிறது.

சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனால் தீராதா?

நாடுகள் இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் வழக்கே நடக்கும். ஐ.நா.வின் 1997ஆம் ஆண்டு நீர்வழி உடன்படிக்கை, அண்டை நாட்டுக்குக் கணிசமான தீங்கு செய்யாதிருக்க வேண்டும் என்கிறது. அது 2014இல்தான் நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பில் இந்தியாவும் பாகிஸ்தானும் விலகி நின்றன. ரைன் வழக்கில் மட்டும் ஒரு நல்ல வழி பிறந்தது. 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம், பாதிப்பு நேர்ந்த ஊரிலும் உப்பு விடப்பட்ட ஊரிலும், எங்கே வேண்டுமானாலும் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம் என்றது. நாட்டரசு முன்வராத நிலையிலும் ஒரு நாற்றங்கால்காரர் தன் ஊர் நீதிமன்றத்தின் படியேறலாம் என்பது சிறிய விஷயமன்று.

கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டு, சொட்டுநீரும் வைத்துவிட்டால் இந்தச் சண்டையே வராதுதானே?

பாதி உண்மை. தண்ணீர் குறைவாகப் பாய்ச்சினால் வடிகாலும் குறையும், அடிமண்ணில் பழைய உப்பு கரைவதும் குறையும். ஆனால் முதல் கணக்கின்படி, வடியும் கொஞ்சத் தண்ணீரில் உப்பு அதிகம் செறிந்திருக்கும். மழையில்லாத இடத்தில் இடையிடையே நிறையப் பாய்ச்சி வேரடியைக் கழுவாவிட்டால் சொட்டுநீர் வயலும் உவராகும்.

கசிவு யாருக்குச் சொந்தம் என்பது அதைவிடச் சிக்கலானது. எல்லையை ஒட்டி அமெரிக்க மண்ணில் ஓடும் ஆல் அமெரிக்கன் கால்வாய் மண்கரையாக இருந்தபோது, அதிலிருந்து கசிந்த தண்ணீர் எல்லைக்கு அப்பால் மெக்சிகாலியின் கிணறுகளுக்கு ஊறியது. அங்கே அடிநிலத்து உப்பையும் நீர்க்கச் செய்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 டி.எம்.சி. மிச்சப்படுத்த அமெரிக்கா 23 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டியது. மெக்சிகாலித் தரப்பு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் வேலையைத் தாமதமின்றி முடிக்கச் சொல்லிச் சட்டம் செய்ய, வழக்கு பொருளற்றதாகி முடிந்தது. அந்தக் கிணறுகளை நம்பி விதைத்தவர்களுக்கு, ஒப்பந்தப் பங்கான 15 லட்சம் ஏக்கர் அடியில் ஒரு சொட்டும் குறையவில்லை என்பதே பதிலாக இருந்தது.